சாவி மாற்றும் இடம்

என் வண்டி நாலு சிலிண்டர், ஆயிரம் சிசி. டேங்க் நிரம்பியிருந்தால் இருநூற்று நாற்பது கிலோவுக்குக் குறையாது. என் மனைவியின் தம்பியிடம் இருப்பது இரண்டு சிலிண்டர். இன்ஜின் என்னுடையதில் முக்கால் பங்கு கூட வராது, எடையும் நாற்பது கிலோ குறைவு. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே வகையில்தான் சேர்க்கிறார்கள். ஸ்போர்ட் டூரர். வேகமாகப் போகலாம், நெடுந்தூரம் போகலாம், பின்னால் ஒருவரை உட்கார வைத்து இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டும் போகலாம் என்று பொருள். நானும் மனைவியும் அப்படித்தான் பல வருடங்கள் போனோம். போன தை மாதம் ஏற்காடு போய்வந்த பிறகு அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. இனி இருசக்கர வண்டியே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் தனியாக ஓட்டுகிறேன்.

தனியாக ஓட்டத் தொடங்கியதிலிருந்தே வண்டி என்னோடு ஒத்துப்போகவில்லை. ஆலங்காயம் வரை போய்வந்தால் கூட இரண்டு மணிக்கட்டும் வலித்தன. சிக்னலில் நின்றால் நுனிக்கால்தான் தரையில் படும். மோசமான சாலையில் பின்பக்கம் துள்ளியது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கவேண்டும். மாலையில் வீட்டுக்கு வரும்போது கால் ஏற்கெனவே கால் மாதிரி இருக்காது. வயதாகிவிட்டது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு வசதியும் இருந்தது. அதற்குமேல் எதையும் பார்க்கவேண்டியதில்லை.

மச்சானுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நெடுஞ்சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அந்தச் சாலைக்கு அவன் வண்டி போதவில்லை. வரிசையாகப் போகும் லாரிகளைத் தாண்டும்போது கடைசி லாரியில் மூச்சு வாங்கும், பக்கக்காற்று அடித்தால் தடம் மாறும். வெகுநாளாக அவனுக்கு என் வண்டி மேல் கண். தீபாவளிக்கு வந்தபோது கேட்டேவிட்டான்.

"மாத்திக்கலாமா மாமா? என்னுது புதுசு, உங்களுது பெருசு. சரிக்குச் சரியா போயிடும்."

வண்டி போவது பெரிய விஷயமில்லை. இந்த வயதில் பெரிய வண்டியிலிருந்து இறங்கினவன் மறுபடி பெரிய வண்டியில் ஏறப்போவதில்லை. அதுதான் விஷயம். "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. யார் புதிதாக வண்டி வாங்கினாலும் ஜவ்வாது மலைக்குத்தான் போவோம். இருவரும் ஆலங்காயத்தில் டேங்கை நிரப்பிக்கொள்ளவேண்டும். ஒன்றில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எடை ஒப்பீடு பொய்யாகிவிடும். காவலூர் வழியாக மேலே ஏறும்போது அவரவர் வண்டி. ஜமுனாமரத்தூரில் சாவி மாற்றிக்கொள்வோம். அதே பாதையில் இறங்கும்போது அடுத்தவர் வண்டி. ஆலங்காயம் டீக்கடையில் வந்து உட்காரும் வரை யாரும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. இடையில் பேசினால் காதில் விழுந்ததைத்தான் கையும் உணரும் என்பது என் கட்சி.

மார்கழிக் கடைசி ஞாயிறு அன்று கிளம்பினோம். காலையில் நான் வழக்கம்போல் இரண்டு சக்கரத்திலும் காற்று பார்த்தேன், செயினில் தொய்வு பார்த்தேன், பிரேக் ஆயில் மட்டம் பார்த்தேன். மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு எதுனா ஒண்ணு முடிவு பண்ணிட்டு வாங்க ரெண்டு பேரும். தெனம் ராத்திரி மணிக்கட்டுக்குத் தைலம் தேச்சி வுட என்னால முடியல."

"தம்பி வண்டிய எடுத்துக்கறீங்களான்னு கேக்குறியா?" என்றேன்.

"நான் எதுவும் கேக்கல. தைலம் தீந்துபோச்சுன்னு சொல்றேன்."

மச்சான் ஹெல்மெட்டுக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஏற்றத்தில் அவன் முன்னால் போனான். அந்த வண்டியின் பலம் கொண்டை ஊசி வளைவுகளில் நன்றாகத் தெரிந்தது. வளைவின் நடுவிலேயே இரண்டாவது கியரில் இழுக்கத் தொடங்கிவிடும். இன்ஜின் சத்தம் கூட ஏறாது, வண்டி மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும். என்னுடையதற்கு முதல் கியரே நீளம், மெதுவாகப் போவதற்கு ஆகாது. வளைவில் முதல் கியரில் வைத்தால் கைப்பிடி த்ராட்டிலைத் தொட்டதும் உதறும், இரண்டாவதில் வைத்தால் இருமும். அதன் சக்தி முழுவதும் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேலேதான் குடியிருக்கிறது. இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கும் துண்டுச் சாலையில் அந்த இடத்தைத் தொடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிரேக்கைப் பிடிக்கவேண்டும். அவனைப்போல் இரண்டு பங்கு குதிரைசக்தியை வைத்துக்கொண்டு நான் அவன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி நான் கேட்டதற்கு மேல் உள்ளே சாய்ந்தது. கையால் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. பாதி ஏற்றத்திலேயே மணிக்கட்டு ஆரம்பித்துவிட்டது.

காவலூர் தாண்டிச் சாமை அறுப்பு முடிந்திருந்தது. மலைக்காரர்கள் கதிரோடு அறுத்த தாளைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் ஜீப்பும் மேலே ஏறிப்போனால் மணி உதிர்ந்துவிடும், பிறகு வைக்கோலை உதறிவிட்டுக் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். இரண்டு சக்கரத்தில் போகிறவர்களுக்கு அதில் ஒரே ஒரு விதி. நேராகப் போகவேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது, நிற்கவே கூடாது. வைக்கோலுக்கு அடியில் மணி உருளும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வளைவைத் திரும்பியதும் தாள் மேல் துடைப்பத்தோடு ஒரு அம்மாள் குனிந்திருந்தார். வண்டி மேல் எனக்கு நம்பிக்கை இருந்திருந்தால் பக்கவாட்டில் ஒதுங்கிப் போயிருப்பேன். நின்றேன்.

"ஏறிப் போ சாமி! ஏறிப் போறதுக்குத்தான போட்டுக்கீது!" என்று அவர் நிமிர்ந்து கத்தியபோது என் இடதுகால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. சாலை அந்தப் பக்கம் சரிவு. நுனிவிரல் மட்டும் பட்டது. பட்ட இடத்தில் சாமை உருண்டது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. நான் இறங்கி நிற்கிற அளவுக்கு நேரம் கொடுத்துச் சாய்ந்தது. பிடித்துப் பார்த்தேன். தோள் விட்டுவிட்டது.

அந்த அம்மாளின் வீட்டுக்காரர் நிலத்திலிருந்து ஓடிவந்தார். சத்தம் கேட்டு மச்சானும் திரும்பி வந்தான். மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம்.

"இன்னா கனம்யா இது! எருமைய எழுப்பறாப்ல கீது" என்றார் அவர்.

அம்மாள் என் காலையும் வண்டியின் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "கால் எட்டாத வண்டிய இன்னாத்துக்கு வாங்கினாரு?"

"வாங்கறப்ப எட்டிச்சும்மா" என்றான் மச்சான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளட்ச் லீவரின் நுனி வளைந்திருந்தது, பக்கத் தகட்டில் ஒரு முழத்துக்குக் கீறல். ஓட்ட முடியாத சேதம் எதுவும் இல்லை. சிதறின சாமையைக் காலால் ஒதுக்கிக் கொடுக்கப் போனேன். "நீ போ சாமி, நாங்க பாத்துக்கறோம், மறுபடி வுழப்போற" என்று அம்மாள் அனுப்பிவைத்தார்.

ஜமுனாமரத்தூர் வரை அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கறப்ப எட்டிச்சு. உண்மைதான். வாங்கிய அன்று இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய நின்று படம் எடுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. மனிதன் வயதாக ஆக உயரம் குறைகிறான் என்று கேட்டிருக்கிறேன், ஆனால் ஏழு வருடத்தில் இவ்வளவா? இதையெல்லாம் யோசிக்கக்கூட அன்று அலுப்பாக இருந்தது. யாராவது வந்து முடிவைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இட்லி சாப்பிட்டோம். மச்சான் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. விதியை மீறாமல் என் தோளைப் பற்றி மட்டும் விசாரித்தான். சாவியை மாற்றிக்கொண்டோம்.

அவன் வண்டியில் ஏறியதும் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் உட்கார்ந்தன. அந்த ஒன்றுக்காகவே அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஹேண்டில்பார் உயரம், அகலம். முதுகு நிமிர்ந்தே இருந்தது. வளைவில் பார்த்த திசையில் வண்டி போனது, பார்க்காத திசையில் போகவில்லை. இறக்கத்தில் த்ராட்டிலை விட்டால் இன்ஜினே பிடித்துக்கொண்டது, பிரேக்கைப் பெயருக்குத் தொட்டால் போதும். குறையும் தெரிந்தது. நேரான இடத்தில் கொஞ்சம் விரட்டினால் கால் வைக்கும் கம்பியில் அதிர்வு ஏறியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மலிவு, அடுத்தடுத்த பள்ளங்களில் தலையாட்டியது. நாலு சிலிண்டரின் அந்த வழுவழுப்பு இதில் எந்த வேகத்திலும் இல்லை. இது சொன்ன வேலையைச் செய்கிற வண்டி. மணிக்கட்டு வலிக்கவில்லை.

நாலைந்து வளைவு இறங்கியபின் கண்ணாடியில் மச்சானைக் காணவில்லை. ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். அவனும் சாமையில் விழுந்துவிட்டானோ என்று திரும்பப் போகலாமென நினைக்கும்போது வந்துசேர்ந்தான். கையைக் காட்டிவிட்டு நிற்காமல் கடந்து போனான். போன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. என் வண்டி அப்படிச் சாய்ந்து நிமிர்ந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. இளைஞன், ஓட்டுகிறான் என்று நினைத்தேன். அவனுக்கும் முப்பத்தொன்பது ஆகிறது.

ஆலங்காயம் டீக்கடையில் இரண்டு டீ வந்தது. மச்சான் குடிக்கவில்லை, டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. இந்த வண்டிய எத்தினி நாளா இப்டி ஓட்டிக்கினு இருக்கீங்க?"

"எப்படி?"

"பின்னாடி அக்கா உக்காந்துனு இருக்கிற மாரி."

எனக்குப் புரியவில்லை. அவன் என்னை எழுப்பி வண்டியின் இடப்பக்கம் கூட்டிப்போனான். சீட்டுக்குக் கீழே ஒரு கருப்புக் குமிழ் இருக்கிறது. பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதைத் திருகவேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இறுக்குவோம், இல்லாவிட்டால் வண்டியின் பின்பக்கம் அமுங்கிப்போகும். ஆள் இறங்கியதும் தளர்த்திவிடவேண்டும்.

"கடைசி வரைக்கும் இறுக்கி வச்சிருக்கீங்க மாமா. ஒரு ஆள் ஓட்டறதுக்கு அவ்ளோ இறுக்கம் இருந்தா பின்பக்கம் தூக்கிக்கும். சீட்டு ஒசரமாயிடும், ஒடம்பு முன்னாடி சரியும், வெயிட்டு பூரா மணிக்கட்டுல வந்து நிக்கும். மொத வளைவுலயே தெரிஞ்சிடுச்சு. நிறுத்தி பூராவும் தளத்தினேன். அப்புறம் வந்துது பாருங்க வண்டி, அடடா!"

நான் குனிந்து குமிழைப் பார்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதை இறுக்குவது என் வேலைதான். அவள் ஹெல்மெட்டோடு வாசலுக்கு வரும்போது திருகுவேன். திரும்பி வந்ததும் அவள் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள், நான் அப்படியே குனிந்து தளர்த்திவிட்டு வண்டியை உள்ளே தள்ளுவேன். ஏற்காட்டிலிருந்து வந்த அன்று அவளால் இறங்க முடியவில்லை. இரண்டு கையாலும் தாங்கி இறக்கிப் படியேற்றிக் கட்டிலில் படுக்க வைத்தேன். வண்டியைப் பிறகு யார் உள்ளே தள்ளியது என்றுகூட நினைவில்லை. அடுத்த ஞாயிறு காற்று பார்த்தேன், செயின் பார்த்தேன். குமிழைத் தொடவேண்டிய அவசியம் வரவில்லை. அவள் ஏறினால்தானே அதைத் தொடுவது வழக்கம்.

டீக்கடைக்காரர் டம்ளரை எடுக்க வந்தார். "டீ ஆறிப்போச்சு சார், வேற போடட்டா?" வேண்டாம் என்றேன்.

"நீ இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றேன் மச்சானிடம். "சாவி ஒன் கையிலதான் இருந்தது."

"அப்டி மாத்திக்கினா உங்கள ஏமாத்தினா மாரி ஆயிடும் மாமா. நாளைக்கு அக்காவுக்குத் தெரிஞ்சா வூட்டு வாசப்படி மிதிக்க வுடாது. நீங்க ஒருதரம் மேல போய் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்." சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வண்டி எவ்வளவு வேண்டுமென்பது அவன் என்னைப் பார்க்காததில் தெரிந்தது.

தனியாக மறுபடி மலையேறினேன். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. நான் உயரம் குறையவில்லை. முதல் வளைவில் வண்டி நான் கேட்ட அளவுக்கே சாய்ந்தது, கேட்டபோது நிமிர்ந்தது. பள்ளத்தில் பின்பக்கம் துள்ளவில்லை. முதல் கியரின் நீளம் அப்படியேதான் இருந்தது, எடையும் எங்கும் போய்விடவில்லை. ஆனால் இரண்டோடும் எனக்கு ஏற்கெனவே பழக்கமுண்டு. ஒரு நேரான இடம் கிடைத்தது. த்ராட்டிலைத் திறந்தேன். ஆறாயிரத்தைத் தாண்டியதும் அந்தச் சத்தம் வந்தது, மரங்கள் பின்னால் போயின. ஏழு வருடத்துக்கு முன் இதற்காகத்தான் வாங்கினேன். மணிக்கட்டில் வலி இல்லை.

இன்னும் சில வளைவுகள் ஏறினேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். என் கண் சாலையில் இல்லை, எங்கே அகலமான இடம் வரும், எங்கே வண்டியைத் திருப்பலாம் என்று தேடிக்கொண்டிருந்தது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் போதும் என்றாகிவிட்டிருந்தது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கி உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நான் வண்டியைக் குறை சொன்னேன், வயதைக் குறை சொன்னேன். குமிழைத் திருகினதும் இரண்டு குறையும் பாதிக்குமேல் போய்விட்டன. மிச்சமிருந்தது வலி அல்ல, எட்டாத கால் அல்ல. வெறும் அலுப்பு. பெரிய வண்டி தூரம் போவதற்கானது. தூரத்தில் எனக்குத் தனியாகப் போய்ப் பார்க்கவேண்டியது எதுவும் இல்லை. போகிற ஊரெல்லாம் அவள்தான் தேர்ந்தெடுப்பாள். எங்கே காபி நன்றாக இருக்கும், எந்தப் பக்கத்து அறை வாங்கவேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நான் ஓட்டினேன், அவ்வளவுதான். புதூர்நாட்டுப் பக்கம் போகும் ஜீப் ஒன்று பின்னால் ஆட்கள் தொங்க மேலே போனது. ஒருவர் கையசைத்து, "வண்டி ரிப்பேரா சார்?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஜீப் போனதும் வண்டியைத் திருப்பினேன்.

கீழே வந்து சாவியை மச்சானிடம் நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "இன்னா மாமா, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு. நீ சொன்னா மாதிரியேதான் இருக்கு."

"அப்புறம்?"

"எடுத்துக்க. கிளட்ச் லீவர் மட்டும் மாத்திக்க."

"அக்கா எதுனா சொல்லுச்சா?"

"ஒன் அக்கா தைலம் தீந்துபோச்சுன்னு மட்டும்தான் சொன்னா. நீயும் கேட்டியே."

சாவியை வாங்கிக்கொண்டான். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமலிருக்க அவன் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எப்ப வோணும்னாலும் சொல்லுங்க மாமா, கொண்டாந்து வுட்டுடறேன்" என்றான். சரி என்றேன். கேட்கமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வாணியம்பாடி வரை அவன் முன்னால் போனான். நேர்ச்சாலை வந்ததும் ஒருமுறை த்ராட்டிலைத் திறந்தான். சத்தம் ஏறி, சிறிதாகி, இல்லாமல் போயிற்று. என் வண்டியின் சத்தத்தை வெளியிலிருந்து முழுதாகக் கேட்டது அன்றுதான். நான் சீராக ஓட்டிக்கொண்டு வந்தேன். காற்று கொஞ்சம் தள்ளியது, கால்கம்பி அதிர்ந்தது. இரண்டும் தாங்கக்கூடியவை.

வீட்டில் மனைவி கேட்டைத் திறந்துவிட்டாள். தம்பி சாப்பிட உட்கார்ந்தாயிற்று என்றாள். பிறகு வண்டியைச் சுற்றிவந்து பின்சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"சீட்டு பரவால்ல. அதவிட மெத்துனு இருக்குது."

"உக்கார்றியா?"

"இந்த இடுப்ப வச்சிக்கினா? சும்மா சொன்னேன்." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "கை வலிக்குதா?"

"இன்னிக்கு இல்ல."

அவள் போனபின் குனிந்து பார்த்தேன். இந்த வண்டியில் குமிழ் கிடையாது. அந்த வேலைக்கு ஸ்பிரிங்கின் கழுத்தில் பல் வெட்டிய வளையம் ஒன்று இருக்கிறது, அதைத் திருகச் சீட்டுக்கடியில் ஒரு கொக்கி ஸ்பேனர் கொடுத்திருக்கிறார்கள். மச்சான் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ அதிகம், அவனுக்கு ஏற்ற பல்லில் வைத்திருந்தான். எனக்கு ஒரு பல் தளர்த்தவேண்டும். ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். உள்ளேயிருந்து சோறு ஆறுகிறது என்று குரல் வந்தது. ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே வைத்துச் சீட்டை மூடினேன். அடுத்த ஞாயிறு காற்று பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.